தஞ்சாவூர் பெரிய கோயில்: 600 ரூபாய் கைடும் 1500 ரூபாய் கைடும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கோயிலுக்கான விமர்சனம் இல்லை. ராஜராஜன் கட்டியதற்கு நட்சத்திரம் போட நான் யார். அங்கே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிற கைடுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன தை மாதம், பொங்கல் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, ஈரோட்டிலிருந்து நாங்கள் நாலு பேர் (அம்மா, நான், மனைவி, எட்டாவது படிக்கிற பையன்) ஒரு சனி ஞாயிறு தஞ்சாவூர் போயிருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கைடு, ஞாயிறு காலையில் இன்னொருவர். இரண்டு கைடு வைக்க வேண்டும் என்று திட்டமெல்லாம் போடவில்லை, முதல் ஆள் அப்படிச் செய்துவிட்டார்.

முதல் ஆளை நாங்கள் பிடிக்கவில்லை, அவர்தான் எங்களைப் பிடித்தார். அகழிப் பாலத்தைத் தாண்டி, செருப்பை விட்டுவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் நிற்கிறார். "சார், கைடு இல்லாம உள்ள போனா வெறும் கல்லுதான் சார் தெரியும்." பேச்சு நன்றாகத்தான் இருந்தது. 800 சொன்னார், 600க்கு ஒத்துக்கொண்டார். கழுத்தில் அட்டை இருக்கிறதா என்று அப்போது பார்க்கத் தோன்றவில்லை. இருந்தது என்று மனைவி சொல்கிறாள், அது செல்போன் கயிறு என்று பையன் சொல்கிறான்.

அடுத்த நாற்பது நிமிடம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. பொய் சொல்லக் கூடாது, ஆள் சுவாரசியமானவர். நந்திக்கு முன்னால் நிறுத்தி, இந்த நந்தி வளர்ந்துகொண்டே போனது, முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்கள், உள்ளே ஒரு தேரை இருந்தது என்றார். விமானத்தின் (கருவறைக்கு மேலே இருக்கிற பெரிய கோபுரம்) உச்சிக் கல் ஒரே கல், 80 டன், ஆறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற சாரப்பள்ளத்திலிருந்து மண் சரிவு போட்டு யானை கட்டி இழுத்தார்கள் என்றார். வடக்குப் பக்கம் விமானத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் மாதிரி ஒரு முகம் இருக்கும், அதைக் காட்டி, "நம்மள வெள்ளைக்காரன் ஆளப்போறான்னு ராஜராஜனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு சார்" என்றார். அரசியல்வாதிகள் முன்வாசல் வழியாக வந்தால் பதவி போய்விடும், அதற்கு ஒரு பட்டியல். சுரங்கப்பாதை இரண்டு. அம்மா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அந்த நிழல் விஷயம். "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது, அதான் சோழர் டெக்னாலஜி." நாலே முக்கால் மணி. மேற்கே சாய்ந்த வெயிலில் விமானத்தின் நிழல் வடகிழக்குப் பக்கம் முற்றத்தில் பாய் விரித்த மாதிரி நீளமாகக் கிடக்கிறது. கால் சுடாமல் இருக்க ஊர்க் கூட்டம் பூராவும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது, எங்கள் அம்மா உட்பட. பையன் கையை நீட்டி, "அங்கிள், அப்ப இது என்ன?" என்று கேட்டான். அவர் அசரவில்லை. "அது உச்சி வெயில்ல தம்பி." அந்த நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தபடியே அம்மா பேரனிடம் சொன்னார்: "சும்மா இரு கண்ணு, அவரு சொல்றாருல்ல."

கடைசியில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வெளியே வந்ததும் "நம்ம ஃப்ரெண்டு கடைதான் சார், சும்மா பாருங்க, வாங்க வேண்டாம்" என்று தஞ்சாவூர்த் தட்டும் தலையாட்டிப் பொம்மையும் விற்கிற கடை. ஒரு பொம்மை வாங்கினோம். அது நல்ல பொம்மைதான், டிவி மேசையில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனால் மறுநாள் பேருந்து நிலையம் பக்கம் விசாரித்தால் அதே பொம்மை 120 ரூபாய் குறைவு.

அன்றைக்கு ராத்திரி லாட்ஜில் பையன் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, ராஜராஜன்தான் கட்டினார்னு நமக்கு எப்படித் தெரியும்? அந்த அங்கிள் சொன்னாரா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கல்வெட்டு இருக்கும்டா என்றேன். எங்கே இருக்கிறது என்றான். நாற்பது நிமிடம் அந்தக் கல்வெட்டுகளுக்கு நடுவில்தான் நடந்திருக்கிறோம், ஒன்றைக்கூட அந்த ஆள் காட்டவில்லை. கீழே ரிசப்ஷனில் புலம்பியபோது அங்கே இருந்தவர் ஒரு எண்ணைக் கொடுத்தார். "இவங்க கொஞ்சம் கறாரா இருப்பாங்க சார், ஆனா விஷயம் இருக்கும்." போன் போட்டால் அந்தப் பக்கம் முதல் கேள்வியே "எத்தனை பேர், வயசானவங்க இருக்காங்களா, குழந்தைங்களுக்கு என்ன வயசு?" கட்டணம் 1500, மூன்று மணி நேரம், காலை ஆறரைக்கு வாசலில் இருக்க வேண்டும், ஏழரைக்கு வந்தால் கல்வெட்டு தெரியாது. ஏன் தெரியாது என்று கேட்டேன். "வாங்க, காட்டுறேன்."

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை, கழுத்தில் சுற்றுலாத் துறை அட்டை (இந்த முறை பார்த்தேன், புகைப்படமும் முகமும் ஒன்றுதான்). பெயரையும் எண்ணையும் இங்கே போடவில்லை, அவரே வேண்டாம் என்றார், ஏற்கெனவே வருகிற ஆட்களே போதுமாம். கேட்டு யாரும் செய்தி அனுப்ப வேண்டாம். எப்படிப்பட்ட கைடைத் தேட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

முதலில் நிறுத்திய இடம் ராஜராஜன் திருவாசல். கோயிலுக்குள் போக இரண்டு கோபுர வாசல், முதலாவது கேரளாந்தகன் திருவாசல், சேர நாட்டை வென்றதற்கான பெயர், அடுத்தது இது. முந்தின நாள் இந்த வாசலை நாங்கள் பத்து வினாடியில் கடந்திருந்தோம். அங்கே இருக்கிற பெரிய துவாரபாலகர் சிலைக்கு முன்னால் பையனை நிறுத்தி, "தம்பி, இவர் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். பையன் தோராயமாகச் சொன்னான். "சரி, கீழ பாரு." குனிந்து பார்த்தால் ஒரு பாம்பு. பாம்பின் வாயில் என்னவோ இருக்கிறது. உற்றுப் பார்த்தால் யானை. அந்தப் பாம்பு ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது, யானையின் பாதி உடம்பு இன்னும் வெளியே. "இப்ப சொல்லு. யானை எவ்வளவு பெரிசு? அதை முழுங்குற பாம்பு? அந்தப் பாம்பைக் காலடியில வெச்சிருக்கிறவர்?" பையன் மேலே அண்ணாந்து பார்க்கிறான். "இப்ப அவர் கையைப் பாரு. ஒரு கை எச்சரிக்குது. இன்னொரு கை, அடேயப்பான்னு வியக்குது. யாரைப் பார்த்து வியக்குறார்? உள்ள இருக்கிறவரைப் பார்த்து. அப்ப உள்ள இருக்கிறவர் எவ்வளவு பெரியவர்?"

அவ்வளவுதான். பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு நிமிடம் போல நாங்கள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு இந்த இடம்தான் இந்த மொத்த 1500 ரூபாய்க்கும் வரவு. முந்தின நாள் ஆள் ஒரு வினாடி வாயை மூடியிருந்தால் கூட நாங்களாக எதையாவது கண்டுபிடித்திருப்போம்.

அப்புறம் நேராக விமானத்தின் அடித்தளம். பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார். கல்லுக்கு நேராக அடிக்கவில்லை, கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடித்தார். அதுவரை வெறும் சொரசொரப்பாக இருந்த கருங்கல்லில் எழுத்துகள் நிழலோடு எழும்பி வந்தன. வரிவரியாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. வெயில் ஏறிவிட்டால் இந்த நிழல் போய்விடும், அதனால்தான் ஆறரை மணி. பையன் விரலை வைத்துத் தடவப் போனான், பட்டென்று கையைப் பிடித்துவிட்டார். "தொடாம படி. ஆயிரம் வருஷமா நிக்குது, ஒவ்வொருத்தரும் ஒரு தடவை தொட்டா என்ன ஆகும்?" அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அடுத்த பத்து நிமிடத்தில் அவனே க, ட, ப, ன என்று எழுத்து எழுத்தாகப் பிடிக்க ஆரம்பித்துவிட்டான். புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்கள், மெய்யா உயிர்மெய்யா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும், நடுநடுவே வடசொற்களுக்குக் கிரந்த எழுத்து வரும் என்று ஒரு சின்னப் பாடம்.

அங்கே அவர் படித்துக் காட்டிய வரி இது. "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" எல்லாவற்றையும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் வாய்திறந்து சொன்ன உத்தரவு. அக்கன் என்றால் அக்கா குந்தவை. அரசன் தான் கொடுத்ததைச் சொன்ன கையோடு அடுத்து அக்காவைச் சொல்கிறான், மனைவிமாரைச் சொல்கிறான், கடைசியில் "மற்றும் கொடுத்தவர்கள்" என்று பேர் தெரியாத ஜனங்களையும் சேர்த்துக்கொள்கிறான். என் மனைவிக்குப் பிடித்தது வேறு. "கொடுத்தனன்னு இல்லையே, குடுத்தனன்னு இருக்கு! நம்ம பேசுற மாதிரியே." ஆமாம்மா, அவரும் நம்மைப் போலத்தான் பேசியிருப்பார் போல என்று கைடு அம்மா சிரித்தார். மூன்று மணி நேரத்தில் அவர் சிரித்த இரண்டு தடவைகளில் ஒன்று அது.

இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே ஒரு காலத்தில் குழம்பிப் போயிருந்ததாம். தல புராணம் வேறொரு சோழன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1880களில் ஹுல்ட்ஷ் என்கிற ஜெர்மன் கல்வெட்டு அறிஞர் இந்தச் சுவர்களைப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் சந்தேகமில்லாமல் நிலைத்தது. கோயிலின் பெயரே ராஜராஜேச்சரம் என்று கல்லில் இருக்கிறது, பிரகதீஸ்வரர் என்பதெல்லாம் பிற்பாடு வந்தது. தன்னுடைய இருபத்தைந்தாவது ஆட்சியாண்டு, 275ஆவது நாள், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான் என்று கணக்கு எழுதியிருக்கிறது. குடத்தின் எடை 3083 பலம் (அந்தக் கால எடை அளவு). நம் கணக்குக்கு அது 1010ஆம் வருஷம். பையன் என்னைப் பார்த்தான். ராத்திரி கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, நான் சொல்லவில்லை என்றாலும்.

இவரிடம் நான் பார்த்த பெரிய வித்தியாசம், எதைச் சொன்னாலும் அது எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டுவார், எழுதியில்லை என்றால் எழுதியில்லை என்பார். உச்சிக் கல்லைப் பற்றி நானே கிண்டினேன். 80 டன் ஒரே கல்லா? பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார், மேலே சாரம் கட்டியபோது எடுத்ததாம். ஒரே கல் இல்லை, பல துண்டுகளைச் சேர்த்து அடுக்கியது, ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றார். எப்படி மேலே ஏற்றினார்கள்? "நீளமா மண் சரிவுன்னு சிலர், விமானத்தைச் சுத்திச் சுத்தி ஏறுற சரிவுன்னு சிலர். எப்படின்னு மட்டும் ராஜராஜன் எழுதி வைக்கலை." 216 அடி உயரம், பதின்மூன்று தளம், இத்தனைக்கும் பக்கத்தில் எங்கேயும் மலை கிடையாது, சுற்றிலும் காவிரி மண். இது போதாதா ஆச்சரியத்துக்கு, எதற்கு மேலே ஒரு 80 டன்னைத் தூக்கி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நிழலைப் பற்றி அவரிடம் பையன் கேட்டான். பதிலே சொல்லவில்லை. மேற்குப் பக்கம், கருவூர்த் தேவர் சன்னதி இருக்கிற பக்கமாகக் கூட்டிப்போய் நிறுத்தினார். எட்டரை மணி. எங்கள் நாலு பேர் மேலும் நிழல். "இது எதோட நிழல் தம்பி?" அவ்வளவுதான் விளக்கம். பிற்பாடு, அடி இவ்வளவு அகலமாக இருந்து மேலே போகப் போகக் குறுகினால், சூரியன் உச்சிக்கு வருகிற நேரத்தில் நிழல் தன் மேலேயே விழுந்துவிடும், எந்த மலைக்கும் அப்படித்தான் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

தொப்பிக்காரர் சுதையில் (சுண்ணாம்புச் சாந்தில்) செய்தது, விமானத்தில் பிற்காலத்தில் பல தடவை சுதை வேலை நடந்திருக்கிறது, இதுவும் அப்படிச் சேர்ந்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். இப்போது இருக்கிற பெரிய நந்தி ராஜராஜன் காலத்தது இல்லை, நாயக்கர் காலத்தது. அம்மன் சன்னதி பாண்டியர் காலம், முருகன் சன்னதி நாயக்கர் காலம், தென்மேற்கு மூலையில் சுவர் முழுக்க மராட்டியில் வெட்டியிருப்பது இரண்டாம் சரபோஜி 1803இல் வெட்ட வைத்த போன்ஸ்லே வம்ச வரலாறு. ஒரே முற்றத்தில் இத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள் என்று முந்தின நாள் எங்களுக்குத் தெரியவே தெரியாது, எல்லாவற்றையும் அந்த ஆள் ராஜராஜன் கணக்கிலேயே எழுதிவிட்டார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பையிலிருந்து கோயில் கல்வெட்டு அச்சிட்ட பக்கங்களின் நகலை எடுத்தார், பிளாஸ்டிக் உறை போட்டது. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயில் பணிக்கான ஆடல் மகளிரை) கொண்டுவந்து இங்கே குடியமர்த்தினான் என்று புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருக்கிறேன். கல்வெட்டு அப்படி ஒரு வரியில் முடிக்கவில்லை. எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), தலைவீடு யாருக்கு, இரண்டாம் வீடு யாருக்கு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பேர் என்ன, ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, பங்குக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்று நானூறு பேருக்கும் எழுதியிருக்கிறது. எல்லாப் பேருக்கும் முன்னால் நக்கன் என்று வருகிறது. நட்டுவர், பாடுகிறவர், குடை பிடிக்கிறவர், விளக்கு வைக்கிறவர், துணி வெளுக்கிறவர், குயவர், தையற்காரர், கணக்கர் எல்லாருக்கும் பங்கு. முடி திருத்துகிறவருக்குக் கூட ராஜராஜப் பெருநாவிசன் என்று அரசன் தன் பேரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான். தலைமைச் சிற்பிக்கு அதே மாதிரி, குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். ஒரு பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார், தெருவில் வீடு வீடாக நடந்து போகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண்கள் சொந்த விருப்பத்தில் வந்தார்களா என்று என் மனைவி கேட்டாள். "அவங்க எழுதினது எதுவும் இல்லம்மா. ராஜா எழுதினதுதான் இருக்கு." அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

விளக்குக் கணக்கும் நன்றாக இருந்தது. ஒரு நந்தா விளக்கு (அணையாமல் எரிகிற விளக்கு) எரிய தினம் ஒரு உழக்கு நெய், அதற்கு 96 ஆடு. ஆட்டைக் கோயிலில் கட்டிவைக்க மாட்டார்கள், இடையர்களிடம் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் மூப்படைந்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது, அதனால் கல்வெட்டில் அதற்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். எங்கள் அம்மாவுக்கு இதுதான் அன்றைக்குப் பிடித்த ஒரே விஷயம். சின்ன வயதில் பட்டியில் ஆடு பார்த்தவர். 96 ஆட்டுக்கு ஒரு உழக்கு நெய் பெரிய கஷ்டமில்லை, இடையன் லாபத்தில்தான் இருந்திருப்பான் என்று அம்மா ஒரு கணக்குப் போட்டுச் சொன்னார். கைடு அம்மா நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்! நிஜமாகவே எழுதினார். இரண்டாவது தடவை சிரித்ததும் அப்போதுதான்.

இப்போது குறைகள், இல்லாமல் இல்லை. மூன்று மணி நேரம் என்பது வயதானவர்களுக்கு அதிகம். போனில் வயதானவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டாரே தவிர, நடுவில் உட்கார விட்டது ஒரே ஒரு முறை, அதுவும் அம்மாவே திண்ணையில் உட்கார்ந்த பிறகு. ஒன்பது மணிக்கு மேல் கல் சூடேற ஆரம்பித்துவிட்டது, தேங்காய் நார் விரிப்பு எல்லா இடத்திலும் கிடையாது. காபிக்குப் போகலாமா என்றால் "முடிச்சிட்டுப் போகலாம்" என்கிறார். முருகன் சன்னதியின் வெளிச்சுவர் வேலைப்பாடு அவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது, அங்கே ஐந்து நிமிடம் கூட நிறுத்தவில்லை. சோழர் மேல் அப்படி ஒரு சாய்வு. கூட்டம் வந்த பிறகு நந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் அவர் குரல் கேட்கவே இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டே கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு நம்மையே பார்ப்பார், பள்ளிக்கூடம் ஞாபகம் வரும்.

முக்கியமான இரண்டு இடங்களை யாராலும் காட்ட முடியாது, அதற்கு அவர் பொறுப்பில்லை. கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு நடுவே இருக்கிற பாதையில்தான் சோழர் ஓவியங்கள், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்து கிடந்ததை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதற்கு மேல்தளத்தில் பரத நாட்டியக் கரணங்கள் (ஆடல் நிலைகள்), 108இல் 81 செதுக்கியிருக்கிறது, மிச்சக் கல் வெறுமையாக நிற்கிறது. இரண்டுக்கும் பொதுமக்களை விடுவதில்லை. கோயில் வளாகத்திலேயே ஓவியப் படங்கள் வைத்திருக்கிற அறை ஒன்று இருக்கிறது, அங்கே கூட்டிப்போய் சுந்தரர் வெள்ளை யானை மேலும் சேரமான் பெருமாள் குதிரை மேலும் கயிலைக்குப் போகிற ஓவியத்தைக் காட்டினார். குதிரைக்காரர் முந்திக்கொண்டு போகிற வேகம் படத்திலேயே தெரிகிறது. மிச்சம் 27 கரணம் ஏன் செதுக்காமல் விட்டார்கள் என்று பையன் கேட்டான். "அதை நீ படிச்சுக் கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லு" என்றார். அவன் இதை ரொம்ப சீரியசாக எடுத்துக்கொண்டுவிட்டான்.

திரும்பி வரும்போது காரில் ஒரு சண்டை. அம்மாவைக் கேட்டேன், யார் நல்ல கைடு? யோசிக்கவே இல்லை. "அந்தப் பையன்தான். எத்தன அழகாச் சொன்னான், தேரை கதையெல்லாம். இந்தம்மா பாடம் நடத்துது." அவன் சொன்னது பாதி பொய்யம்மா என்றேன். "எனக்குத் தெரியாதா? நிழல்ல உக்காந்துட்டுத்தான கேட்டேன்." இதற்கு என்ன பதில் சொல்வது. நான் இத்தனை நேரம் எழுதியதற்கு எதிராக எங்கள் வீட்டிலேயே ஒரு ஓட்டு விழுந்திருக்கிறது, அதையும் பதிவு செய்துவிடுகிறேன். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும், அந்த ஆளிடம் இருந்த கதை சொல்கிற வாய் இந்த அம்மாவுக்கு இல்லை. தேரை கதையைச் சொல்லலாம், தப்பே இல்லை, இது ஊர்க்கதை என்று சொல்லிவிட்டுச் சொன்னால் போதும். வரலாறு என்று சொல்லி 600 ரூபாய் வாங்கியதுதான் எனக்கு ஆகவில்லை.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: சனிக்கிழமை ஆளுக்கு இரண்டு, அதில் ஒன்று அம்மாவுக்காக. ஞாயிற்றுக்கிழமை கைடு அம்மாவுக்கு நாலரை, அரை கழிந்தது காபிக்கு.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது சில. வாசலில் ஆளைப் பிடிப்பதற்கு முன் அட்டையைப் பாருங்கள், அட்டை இருந்தாலும் போதாது, பேரம் பேசும்போதே "கல்வெட்டு படித்துக் காட்டுவீங்களா" என்று ஒரு கேள்வி போடுங்கள், முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். கட்டணமும் நேரமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், கடைக்கு வரமாட்டோம் என்பதையும் சேர்த்து. காலை ஆறரைக்குப் போவதுதான் நல்லது, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். நுழைவுக் கட்டணம் கிடையாது. வயதானவர்களுக்குத் தடிமனான சாக்ஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் மறந்துவிட்டோம். சின்ன டார்ச் ஒன்றும். கைடே வைக்காவிட்டாலும் பரவாயில்லை, விடியற்காலையில் அடித்தளத்துக்குப் பக்கத்தில் போய் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், கல்லைத் தொடாமல்.

பையன் இப்போது கங்கைகொண்ட சோழபுரம் போகலாம் என்று நச்சரிக்கிறான். அங்கே இந்தக் கைடு அம்மா வரமாட்டாராம், கேட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் கல்வெட்டு படித்துக் காட்டுகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். கொஞ்சம் கதையும் தெரிந்தவராக இருந்தால் எங்கள் அம்மாவும் வருவார்.